பூட்டும் பதிவேடும்: ஆனியன் வழங்கிக்கு எச்.டி.டி.பி.எஸ். சான்றிதழ் பெறுமுன் அறிய வேண்டியவை

பட்டியல் சாதிகள், பழங்குடிகள் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், 1989-இல் 15-ஏ என்னும் பிரிவு 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. பாதிக்கப்பட்டோரின், சாட்சிகளின் உரிமைகளை அப்பிரிவு வரையறுக்கிறது. பொதுப் பார்வைக்கு வரும் வழக்கு ஆவணங்களில் சாட்சியின் பெயரையும் முகவரியையும் மறைப்பதற்குச் சிறப்பு நீதிமன்றம் நடவடிக்கை எடுக்கலாம் என்றும் அது கூறுகிறது. ஆனால் வழக்கு நீதிமன்றத்தை எட்டும் முன்பே, ஓர் அலுவலகக் கடிதத்தின் நகலையோ விடுதியில் எடுத்த காணொளியையோ யாரோ ஒருவர் ஓர் அமைப்புக்கோ செய்தித்தளத்துக்கோ அனுப்பியிருப்பார். அனுப்பிய அந்தக் கணத்திலேயே அவருடைய ஐ.பி. முகவரி பல இடங்களில் பதிவாகியிருக்கும். நீதிமன்றம் மறைக்க விரும்பும் பெயர், ஒரு வழங்கியின் பதிவுக் கோப்பில் முன்பே வெளிப்பட்டிருக்கக்கூடும்.

இந்த இடைவெளியை அடைக்கவே, டோர் வலையமைப்பின் வழியாக ஆவணங்களைப் பெறும் வழங்கிகளைச் செய்தி நிறுவனங்கள் தாமே நடத்தத் தொடங்கின. ஆரோன் ஸ்வார்ட்ஸும் கெவின் போல்சனும் உருவாக்கிய மென்பொருளைக் கொண்டு 2013 மே மாதத்தில் 'நியூயார்க்கர்' இதழ் இத்தகைய பெட்டி ஒன்றைத் திறந்தது. அம்மென்பொருள் இன்று 'செக்யூர்டிராப்' என்னும் பெயரில் இலவசமாகக் கிடைக்கிறது. இத்தாலியில் பிறந்த 'குளோபாலீக்ஸ்' என்பதும் இதே பணியைச் செய்கிறது. சிறிய அமைப்பும் ஒரு பழைய கணினியைக் கொண்டு இதை நடத்த முடியும்.

நடத்த முற்படுவோரிடம் முதலில் எழும் கேள்வி, "ஆனியன் முகவரிக்கும் எச்.டி.டி.பி.எஸ். வேண்டுமா?" என்பதுதான். வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ ஒரு சொல்லில் விடை கூற இயலாது. ஆனியன் சேவை, வழங்கி இருக்கும் இடத்தை மறைப்பதற்காக உருவானது. சான்றிதழோ ஓர் அடையாள அட்டை. மறைந்திருக்க வேண்டிய ஒன்றுக்கு அடையாள அட்டை எடுக்கும்போது எது காக்கப்படுகிறது, எது வெளிப்படுகிறது என்பதை அறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

வழக்கமான பூட்டு எதை மறைக்கிறது?

சாதாரண இணையதளத்தில் உலாவியின் முகவரிப் பட்டையில் தெரியும் பூட்டுக் குறி இரண்டு செய்திகளைச் சொல்கிறது. உலாவிக்கும் வழங்கிக்கும் இடையே செல்லும் உள்ளடக்கம் மறையாக்கம் செய்யப்பட்டுள்ளது என்பது ஒன்று. எதிரே இருப்பது அந்தப் பெயருக்குரிய வழங்கிதான் என்று ஒரு சான்றிதழ் நிறுவனம் உறுதியளித்துள்ளது என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் அப்பால் அந்தப் பூட்டு எதையும் மறைப்பதில்லை. எந்த ஐ.பி. முகவரியிலிருந்து எந்த முகவரிக்குத் தொடர்பு சென்றது, எந்நேரத்தில் சென்றது, எவ்வளவு தரவு சென்றது என்பனவற்றை இணைய இணைப்பு வழங்கும் நிறுவனம் பார்க்கிறது. பெரும்பாலான இணைப்புகளில் தளத்தின் பெயரும் தொடக்கத்திலேயே வெளிப்படையாகச் செல்கிறது. கடிதத்தின் உறை ஒட்டப்பட்டிருக்கிறது. ஆனால் அனுப்புநர், பெறுநர் முகவரிகள் உறையின் மேல் எழுதப்பட்டிருக்கின்றன.

அவ்வுறையைத்தான் டோர் மறைக்கிறது. அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் 1990களின் நடுவில் தொடங்கிய ஆய்விலிருந்து 2002ஆம் ஆண்டில் டோர் வலையமைப்பு பிறந்தது. தன்னார்வலர்கள் உலகெங்கும் நடத்தும் இடைமுனைக் கணினிகள் பலவற்றைக் கடந்து தொடர்பு செல்கிறது. ஒவ்வோர் இடைமுனைக்கும் தனக்கு முன்னும் பின்னும் இருப்பது மட்டுமே தெரியும். முழுப் பாதையை அறிந்த முனை எதுவும் இல்லை.

ஆனியன் முகவரியே ஒரு திறவுகோல்

ஆனியன் சேவையில் வழங்கியும் இதே முறையில் தன் இடத்தை மறைத்துக்கொள்கிறது. வாசகர் தம் பக்கத்திலிருந்தும், வழங்கி தன் பக்கத்திலிருந்தும் இடைமுனைகளைக் கடந்து வந்து, டோர் வலையமைப்புக்குள் உள்ள ஒரு சந்திப்பு முனையில் இணைகின்றன. வாசகரின் இடம் வழங்கிக்குத் தெரியாது. வழங்கியின் இடம் வாசகருக்குத் தெரியாது.

இன்றைய ஆனியன் முகவரி 56 எழுத்துகளும் எண்களும் கொண்டது. பார்வைக்குப் பொருளற்ற குவியலாகத் தோன்றும் அது, உண்மையில் வழங்கியின் பொதுத் திறவுகோலே ஆகும். சரிபார்ப்புக்கான சில எழுத்துகளும் அதனுடன் சேர்ந்துள்ளன. எனவே அந்த முகவரியை நாடிச் செல்லும் டோர் உலாவி, எதிரே இருப்பது அதற்கு இணையான தனித் திறவுகோலை வைத்திருக்கும் வழங்கிதானா என்பதைத் தானே சோதித்துவிடுகிறது. இடையில் சான்றிதழ் நிறுவனம் தேவையில்லை. உள்ளடக்கமும் இருமுனைக்கும் இடையே மறையாக்கம் செய்யப்பட்டே செல்கிறது.

இதனால், எச்.டி.டி.பி.எஸ். இல்லாத ஆனியன் தளம் பாதுகாப்பற்றது என்னும் எண்ணம் தவறானது. சாதாரண இணையத்தில் பூட்டு செய்யும் இரு பணிகளையும் ஆனியன் முகவரி முன்பே செய்துவிடுகிறது. டோர் உலாவியும் அத்தகைய தளத்தைப் பாதுகாப்பானதாகவே நடத்துகிறது.

அப்படியானால் சான்றிதழ் எதற்கு?

மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, மனிதர்களின் கண். 56 எழுத்துகளை யாரும் மனத்தில் வைத்திருப்பதில்லை. முதல் ஐந்தாறு எழுத்துகளைப் பார்த்து நம்பிவிடுவார்கள். முதல் சில எழுத்துகள் ஒத்திருக்கும்படி ஒரு போலி முகவரியை உருவாக்குவது கணினிக்குக் கடினமான வேலையன்று. அந்தப் போலி முகவரியைத் துண்டறிக்கையிலோ குழுவிலோ பரப்பினால், ஆவணம் பகைவரின் கைக்குப் போய்ச்சேரும். அமைப்பின் அறியப்பட்ட இணையப் பெயரும் ஆனியன் முகவரியும் ஒரே சான்றிதழில் இடம்பெற்றிருந்தால், இரண்டும் ஒருவருடையவையே என்பதற்கு அது சாட்சியாகும்.

இரண்டாவது, வழங்கியின் உள்ளமைப்பு. டோரின் மறையாக்கம் டோர் மென்பொருள் இயங்கும் கணினியோடு முடிந்துவிடுகிறது. இணையதளம் வேறொரு கணினியில் இருந்தால், இடைப்பட்ட கம்பியில் தரவு திறந்த நிலையில் செல்லும். எச்.டி.டி.பி.எஸ். அந்தத் துண்டையும் மூடுகிறது.

மூன்றாவது, மென்பொருள்களின் எதிர்பார்ப்பு. எச்.டி.டி.பி.எஸ். இருந்தால்தான் முழுமையாக இயங்கும் செயலிகள் பல. எச்.டி.டி.பி. 2 என்னும் வேகமான நெறிமுறையை உலாவிகள் மறையாக்கத்தின் மீதே அனுமதிக்கின்றன.

இக்காரணங்களால்தான் ஃபேஸ்புக் நிறுவனம் 2014 அக்டோபர் 31 அன்று தன் ஆனியன் முகவரியை டிஜிசெர்ட் வழங்கிய சான்றிதழுடன் அறிவித்தது. 2015 அக்டோபரில் 'ஆனியன்' என்னும் பெயரீறு இணையத் தரநிலைகளில் தனிப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டது. முதலில், நிறுவனத்தின் சட்டபூர்வ இருப்பை விரிவாகச் சோதித்துத் தரும் விலையுயர்ந்த சான்றிதழ்களே ஆனியன் முகவரிகளுக்கு அனுமதிக்கப்பட்டன. முகவரியின் உரிமையை மட்டும் சோதித்துத் தரும் எளிய சான்றிதழுக்கு 2020ஆம் ஆண்டில்தான் வழி திறந்தது. கிரேக்கப் பல்கலைக்கழகங்களின் ஹரிகா நிறுவனம் அத்தகைய சான்றிதழைக் கட்டணத்துக்கு வழங்குகிறது.

பதிவேடு

சான்றிதழ் வாங்குவோர் பெரும்பாலும் கவனிக்காத இடம் இது. பொதுச் சான்றிதழ் நிறுவனம் தரும் ஒவ்வொரு சான்றிதழும் வெளிப்படைப் பதிவேடுகளில் ஏற்றப்படுகிறது. அப்பதிவேடுகளை உலகில் எவரும் தேடிப் பார்க்கலாம். ஏறிய பதிவை நீக்க முடியாது.

இந்த ஏற்பாடு பிறந்ததற்கு வலுவான காரணம் உண்டு. 2011ஆம் ஆண்டில் நெதர்லாந்தின் டிஜிநோட்டார் என்னும் சான்றிதழ் நிறுவனத்துக்குள் ஊடுருவியவர்கள், கூகுளின் பெயரில் போலிச் சான்றிதழ் ஒன்றை உருவாக்கினர். ஈரானில் இருந்தோரின் ஜிமெயில் தொடர்புகளை இடைமறிக்க அது பயன்பட்டது. சுமார் 3 லட்சம் ஐ.பி. முகவரிகள் பாதிக்கப்பட்டதாக விசாரணை அறிக்கை கூறியது. இனி எந்த நிறுவனமும் இரகசியமாகப் போலிச் சான்றிதழ் தர முடியாதபடி எல்லாவற்றையும் பொதுவில் பதிவு செய்ய வேண்டும் என்னும் கருத்து அதன்பின் வலுப்பெற்றது. அந்த நோக்கத்தில் பதிவேடு மக்களைக் காக்கிறது.

ஆனால் ஆனியன் முகவரியைப் பொறுத்தவரை அதன் விளைவு வேறு. இன்றைய ஆனியன் முகவரியை யாரும் உங்களுக்குச் சொல்லாமல் நீங்கள் அறிய இயலாது. டோர் வலையமைப்பின் கோப்பகங்களிலிருந்தும் அதைத் தொகுத்தெடுக்க முடியாது. சான்றிதழ் பெற்ற நாளில் அந்த இரகசியம் முடிந்துவிடுகிறது. அமைப்பின் இணையப் பெயரும் ஆனியன் முகவரியும் ஒரே சான்றிதழில் இருந்தால், இவர்களிடம் இப்படி ஒரு பெட்டி இருக்கிறது, இன்ன நாளில் தொடங்கப்பட்டது என்பதையும் பதிவேடு சொல்லிவிடும்.

ஆகவே தீர்மானம் பயன்பாட்டைப் பொறுத்தது. பொதுமக்கள் அனைவரும் அறிந்து ஆவணம் அனுப்ப வேண்டிய பெட்டி என்றால், அதன் முகவரி சுவரொட்டியில் அச்சாக வேண்டியது. பதிவேட்டில் இருப்பதால் இழப்பில்லை, போலிகளைத் தடுக்கும் நன்மை உண்டு. பத்துப் பேர் கொண்ட உண்மையறியும் குழு தன் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ளும் வழங்கி என்றால், சான்றிதழ் வேண்டாம். அங்கே பொருத்தமானது டோரிலேயே உள்ள பயனர் அங்கீகார வசதி. ஒவ்வோர் உறுப்பினருக்கும் தனித் திறவுகோல் ஒன்று தரப்படும். அது இல்லாதவர் முகவரியை அறிந்திருந்தாலும் வழங்கியை எட்ட முடியாது.

அமைக்கும் முறை

பொதுப் பெட்டிக்குச் சான்றிதழ் தேவை என்று முடிவெடுத்தவர்களுக்கான வரிசை இது.

முதலில் லினக்ஸ் கணினியில் டோர் மென்பொருளை நிறுவ வேண்டும். அதன் அமைப்புக் கோப்பில் இரண்டு வரிகள் போதும்: திறவுகோல்கள் இருக்க வேண்டிய கோப்புறை ஒன்று, வெளியே 443 என்று தெரியும் போர்ட்டை உள்ளே எந்தப் போர்ட்டுடன் இணைப்பது என்பது மற்றொன்று. உள்ளே குறிப்பிடும் முகவரி 127.0.0.1, அதாவது கணினி தன்னைத்தானே குறிக்கும் முகவரியாக இருக்க வேண்டும். டோரை மீண்டும் இயக்கினால் அக்கோப்புறையில் 56 எழுத்து முகவரியும் தனித் திறவுகோலும் உருவாகும். அந்தத் திறவுகோலை இழந்தால் முகவரியும் போய்விடும். வேறொருவர் கைக்குப் போனால் அவர் உங்கள் பெயரில் பெட்டி நடத்துவார். மறையாக்கம் செய்த ஒரு நகலை இணையத்தோடு இணையாத இடத்தில் வைக்க வேண்டும்.

அடுத்து, என்ஜின்எக்ஸ் போன்ற வலை வழங்கி மென்பொருளை 127.0.0.1 முகவரியில் மட்டும் செவிமடுக்கச் செய்ய வேண்டும். வெளியிலிருந்து நேரடியாக வரும் இணைப்புகளை ஃபயர்வால் மறுக்க வேண்டும்.

பிறகு சான்றிதழுக்கான தனித் திறவுகோலையும் விண்ணப்பக் கோப்பையும் அதே கணினியில் உருவாக்க வேண்டும். முகவரி உங்களுடையது என்பதைச் சான்றிதழ் நிறுவனத்துக்கு இரு வழிகளில் மெய்ப்பிக்கலாம்: நிறுவனம் தரும் எண்ணை ஆனியன் தளத்தின் குறிப்பிட்ட பக்கத்தில் வைத்துக் காட்டலாம், அல்லது ஆனியன் திறவுகோலைக் கொண்டே விண்ணப்பத்தில் கையொப்பமிடலாம். கட்டணம் செலுத்துபவரின் பெயர் அந்நிறுவனத்திடம் இருக்கும் என்பதால், தனிநபர் ஒருவரின் அட்டையைப் பயன்படுத்தாமல் அமைப்பின் கணக்கிலிருந்தே செலுத்துவது நல்லது.

சான்றிதழை நிறுவியபின் 80ஆம் போர்ட்டுக்கு வருவோரை 443-க்குத் திருப்பிவிட வேண்டும். சான்றிதழ் காலாவதியாகும் நாளைக் குறித்துவைக்க வேண்டும். 2020 முதல் 398 நாட்களாக இருந்த அதிகபட்ச ஆயுள், 2026 மார்ச் 15 முதல் 200 நாட்களாகவும், 2027 மார்ச் முதல் 100 நாட்களாகவும், 2029 மார்ச் முதல் 47 நாட்களாகவும் குறைக்கப்படும் என்று சான்றிதழ் நிறுவனங்களும் உலாவி நிறுவனங்களும் தீர்மானித்துள்ளன. புதுப்பிக்க ஆளில்லாத அமைப்பில், காலாவதியான சான்றிதழ் எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டும். அச்சத்துடன் வந்த ஒருவர் அதைக் கண்டு திரும்பிவிடுவார்.  எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் உள்ளே வாருங்கள் என்று வாசகரைப் பழக்குவது, போலித் தளத்திலும் அவ்வாறே நுழைய அவரைப் பழக்குவதாகும்.

வழங்கி தன்னைத்தானே காட்டிக்கொடுக்கும் இடங்கள்

டோர் உடைபடுவதைக் காட்டிலும் அமைப்புப் பிழைகளாலேயே ஆனியன் வழங்கிகள் பெரிதும் வெளிப்படுகின்றன. நான்கு பிழைகளைக் குறிப்பாகச் சொல்லலாம்.

அப்பாச்சி மென்பொருளில் வழங்கியின் நிலையைக் காட்டும் பக்கம் ஒன்று உண்டு. அதே கணினியிலிருந்து பார்ப்பவருக்கு மட்டும் அது திறக்கும். ஆனால் டோர் வழியாக வருவோர் அனைவரும் வலை வழங்கிக்கு அதே கணினியிலிருந்து வருபவராகவே தோன்றுவார்கள். அப்பக்கத்தை அணைக்காத ஆனியன் தளங்களில், யார் எந்தப் பக்கத்தைக் கோரினார்கள் என்பது எவருக்கும் தெரிந்துவிடும்.

இரண்டாவது, 443ஆம் போர்ட் பொது ஐ.பி. முகவரியிலும் திறந்திருப்பது. இணையம் முழுவதையும் ஓயாமல் வருடி, எந்த ஐ.பி. முகவரி எந்தச் சான்றிதழைக் காட்டுகிறது என்று தொகுக்கும் தேடுபொறிகள் உள்ளன. ஆனியன் பெயர் கொண்ட சான்றிதழ் அங்கே அகப்பட்டால் வழங்கியின் இடம் வெளிப்பட்டுவிடும்.

மூன்றாவது, சான்றிதழ் ரத்தாகவில்லை என்பதை வழங்கியே நிறுவனத்திடம் கேட்டுச் சொல்லும் 'ஓ.சி.எஸ்.பி. ஸ்டேப்ளிங்' வசதி. சாதாரணத் தளத்துக்கு இது நல்லது. ஆனியன் வழங்கியிலோ, டோரைத் தவிர்த்து நேரடியாக நிறுவனத்துக்குக் கேள்வி அனுப்பித் தன் ஐ.பி. முகவரியைத் தந்துவிடும். அணைத்துவைக்க வேண்டும். வெளியிலிருந்து எழுத்துருக்களையோ பார்வையாளர் கணக்கீட்டையோ தளத்தில் சேர்ப்பதும் கூடாது.

நான்காவது, வாடகைக் கணினி. இந்தியக் கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று வெளியிட்ட நெறிமுறைகளின்படி, வாடகை வழங்கி தரும் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு விவரம், எடுத்த நோக்கம் ஆகியவற்றை 5 ஆண்டுகள் அல்லது அதற்கும் மேலாகப் பாதுகாக்க வேண்டும். பதிவுக் கோப்புகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். வாடகைக் கணினியில் ஆனியன் சேவை இயங்கினால், வாசகருக்கு மறைப்பு உண்டு. நடத்துபவரின் பெயர் வாடகைப் பதிவில் இருக்கிறது.

பூட்டு எட்டாத இரு முனைகள்

எல்லாம் சரியாக அமைந்தாலும் இரு முனைகள் எஞ்சுகின்றன.

ஒன்று, அனுப்புபவரின் முனை. 2013 டிசம்பரில் ஹார்வர்டு பல்கலைக்கழகத்துக்குத் தேர்வு நாளில் வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்தது. அனுப்பிய மாணவர் டோர் பயன்படுத்தியிருந்தார். டோரை யாரும் உடைக்கவில்லை. அந்நேரத்தில் பல்கலைக்கழக வலையமைப்பிலிருந்து டோரில் இணைந்தவர் யார் என்று பார்த்தே அவரை அடையாளங்கண்டனர். அவர் செய்தது குற்றம். ஆனால் அந்த முறை குற்றவாளியையும் புகார்தாரரையும் வேறுபடுத்திப் பார்க்காது. கல்லூரி நிர்வாகத்துக்கு எதிரான ஆவணத்தை அதே கல்லூரி விடுதியின் வை-ஃபை வழியாக அனுப்பும் மாணவருக்கு டோர் மட்டும் போதுமான காப்பு ஆகாது. வேறோர் இணைப்பிலிருந்து அனுப்புங்கள் என்று பெட்டியின் முதல் பக்கத்திலேயே எளிய தமிழில் எழுதிவைக்க வேண்டும்.

மற்றொன்று, பெறுபவரின் முனை. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங் நிறுவனம், 2021 பிப்ரவரியில் வெளிவந்த அறிக்கையில், நெட்வயர் என்னும் தீநிரல் மூலம் ஊடுருவியவர் 22 மாதங்கள் அக்கணினியைக் கட்டுப்படுத்தியதாகவும் அதில் கோப்புகளைப் புகுத்தியதாகவும் கூறியது. கணினிக்குள்ளேயே ஒருவர் அமர்ந்திருக்கும்போது கம்பியில் இடும் எந்தப் பூட்டும் பயன்படாது. வரும் ஆவணங்களை இணையத்தோடு இணையாத தனிக் கணினியில் மட்டும் திறக்க வேண்டும் என்று செக்யூர்டிராப் வற்புறுத்துவது இதனால்தான்.

சாதியம் நிலவும் ஊரில், தகவல் கொடுத்தவர் யார் என்பது தெரியவந்தால் விளைவு அவரோடு நிற்பதில்லை. அவர் குடும்பத்தின் கூலி வேலையும் தண்ணீரும் பாதையும் மறுக்கப்படலாம். அதனால் ஒரு பெட்டியைத் திறப்பதற்கு முன், அதை எத்தனை ஆண்டுகள் யார் பராமரிப்பார்கள், சான்றிதழை யார் புதுப்பிப்பார்கள், திறவுகோல் யாரிடம் இருக்கும் என்பவற்றை அமைப்பு கூடிப்பேசி முடிவு செய்ய வேண்டும். இக்கேள்விகளுக்கு இன்று விடையில்லையென்றால், நம்பகமான ஒருவர் நேரில் சென்று தாளை வாங்கிவருவதே பாதுகாப்பான வழி. விடை கிடைத்த நாளில் வழங்கியை இயக்கலாம்.